காயமா, சேதமா, இழப்பா? சீனர்கள் எழுதும் ஆங்கிலத்தில் தீங்கைக் குறிக்கும் சொற்கள்

சென்னையிலும் புதுச்சேரியிலும் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குக் காப்பி எடிட்டிங் செய்து தரும் நிறுவனங்கள் பல உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்களிடம் வந்து சேரும் கட்டுரைகளில் கணிசமானவை சீன ஆய்வாளர்கள் எழுதியவை. மருத்துவமோ கட்டடப் பொறியியலோ வேளாண்மையோ, துறை எதுவானாலும் ஒரு தடுமாற்றம் திரும்பத் திரும்பத் தலைகாட்டும். பாலத்துக்கு 'இஞ்சுரி' ஏற்பட்டிருக்கும். நோயாளியின் உடலில் பல 'டேமேஜஸ்' இருக்கும். புகைபிடிப்பது 'ஹார்ம்ஃபுல் ஹெல்த்' என்று நடுவில் 'டு' இல்லாமல் நிற்கும். உள்ளே இருக்கும் அறிவியல் உறுதியானதாக இருந்தும், மொழி சரியில்லை என்ற ஒற்றை வரியோடு கட்டுரை திரும்பிப் போவது எனக்கு வருத்தம் தருகிறது. ஏனென்றால் இது விளக்கினால் புரிந்துவிடக்கூடிய விஷயம்.

விளக்குகிறவர்களே பல நேரம் குழப்பிவிடுகிறார்கள். இந்தச் சொற்களைப் பற்றி இரண்டு நம்பிக்கைகள் பரவலாக உண்டு. எல்லாமே ஒரே பொருள் தருபவை, எதைப் போட்டாலும் புரியும் என்பது ஒன்று. சொல் நீளமானால் நடை கௌரவமாகிவிடும் என்பது இன்னொன்று. 'ஹர்ட்' என்றால் சிறுவர் பேச்சு, 'டெட்ரிமென்ட்' என்றால் அறிஞர் எழுத்து என்று ஏணிப்படி போல அடுக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. இரண்டாவது கூடுதலாகக் கெடுதல் செய்கிறது, மாணவர் அகராதியைத் திறந்து இருப்பதிலேயே நீளமான சொல்லைத் தேடத் தொடங்கிவிடுகிறார்.

சீனர்களுக்கு ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கும், அவர்கள் எழுதியதைத் திருத்துபவர்களுக்கும், மொழிகள் உலகத்தை எப்படிப் பங்கு பிரிக்கின்றன என்று அறிய விரும்புகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். சீன எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. சீனச் சொற்களை ஏறக்குறைய ஒலிக்கும் விதத்தில் தமிழில் தருகிறேன்.

எவ்வளவு என்பதல்ல, எதற்கு என்பதே கேள்வி

2008 மே 12 அன்று சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் வென்சுவான் நிலநடுக்கம் நேர்ந்தது. 69,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். சுமார் 3,74,000 பேர் காயமடைந்தனர். லட்சக்கணக்கான வீடுகள் இடிந்தன அல்லது விரிசல் கண்டன. நேரடிப் பொருளாதார இழப்பு சுமார் 84,500 கோடி யுவான் என்று கணக்கிட்டார்கள்.

இதே செய்தி முறையான ஆங்கில அறிக்கையில் வரும்போது காயம்பட்ட மனிதர்கள் 'இஞ்சர்ட்'. விரிசல் கண்ட வீடுகள் 'டேமேஜ்ட்'. போன பணம் 'லாஸஸ்'. மூன்றையும் இடம் மாற்றிப் போட முடியாது. வீடு 'இஞ்சர்ட்' ஆகாது, எவ்வளவு பலமாக அடி வாங்கியிருந்தாலும் ஆகாது. ஒரு சிறுவனின் முழங்கால் சிராய்ப்பு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அது 'இஞ்சுரி'தான். அடியின் கடுமையைச் சொல்ல 'சிவியர்', 'மைனர்' போன்ற அடைமொழிகள் தனியாக இருக்கின்றன. பெயர்ச்சொல்லின் வேலை வேறு. அடி எதன் மேல் விழுந்தது என்று அது சொல்ல வேண்டும்.

ஒரு சொல் வழக்கமாக எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதைச் சொற்சேர்க்கை என்பார்கள். 'இஞ்சுரி'யோடு உடல், 'டேமேஜ்'ஜோடு பொருள், 'லாஸ்'ஸோடு கையை விட்டுப் போனது. இந்தச் சேர்க்கைதான் விதி. அகராதியில் இச்சொற்களுக்கு எதிரே ஒரே விளக்கம் எழுதியிருந்தாலும், பயன்பாட்டில் அவை ஒன்றின் வீட்டுக்குள் இன்னொன்று நுழைவதில்லை.

சீன மொழிக்கும் இந்தக் கேள்வி நன்றாகத் தெரியும். அதே நிலநடுக்கச் செய்தியில் மனிதர்களுக்கு 'ஷோஷாங்', வீடுகளுக்கு 'சுன்ஹுவாய்', பணத்துக்கு 'சுன்ஷி' என்று மூன்று தனிச் சொற்களைத்தான் சீன நாளிதழ் எழுதும். ஆக, அடி வாங்கியது எது என்று பார்த்துச் சொல்லைத் தேர்வது சீனர்களுக்குப் புதிதல்ல. தடுமாற்றத்தின் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும்.

ஒரே வயல், வேறு வரப்புகள்

ஒரே வயலை இரண்டு குடும்பங்கள் தங்கள் தங்கள் கணக்குப்படி வரப்பு போட்டுப் பிரித்தால் என்ன ஆகும்? சில இடங்களில் இரண்டு வரப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழும். வேறு சில இடங்களில் இவருடைய ஒரு பாத்தி அவருடைய மூன்று பாத்திகளின் மேல் நீண்டு கிடக்கும். ஆங்கிலமும் சீனமும் தீங்கு என்ற வயலை இப்படித்தான் பிரித்திருக்கின்றன. வரப்பு ஒத்துப்போகும் இடத்தில் சீன மாணவர் தடுமாறுவதில்லை. விலகும் இடத்தில் மட்டும் தடுமாறுகிறார்.

சீனத்தின் வரப்புகள் சில அசைகளால் ஆனவை. 'ஷாங்' என்றால் காயம். 'சுன்' என்றால் குறைதல், தேய்தல். 'ஹாய்' என்றால் கேடு. 'ஹுவாய்' என்றால் கெட்டுப்போதல். இவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்தால் சொற்கள் பிறக்கின்றன. 'ஷாங்ஹாய்' மனிதருக்கோ அவர் மனத்துக்கோ இழைக்கும் தீங்கு. (தமிழில் எழுதும்போது நகரத்தின் பெயர் போலவே தெரிகிறது. எழுத்தும் தொனியும் வேறு, இரண்டுக்கும் உறவில்லை.) 'சுன்ஹுவாய்' பொருள்கள் பழுதாவது. 'சுன்ஹாய்' உடல்நலம், உரிமை, நற்பெயர், நலன் போன்றவற்றுக்கு நேரும் கேடு. 'வெய்ஹாய்' சமூகத்துக்கோ பாதுகாப்புக்கோ அச்சுறுத்தலாக நிற்கும் கேடு.

சீனக் குற்றவியல் சட்டத்திலேயே இந்தப் பிரிவினையைப் பார்க்கலாம். 234-வது பிரிவு வேண்டுமென்றே மனிதரைத் தாக்கிக் காயப்படுத்தும் குற்றம், அங்கே 'ஷாங்ஹாய்' என்ற சொல். 275-வது பிரிவு வேண்டுமென்றே சொத்தை அழிக்கும் குற்றம், அங்கே 'ஹுவாய்' சேர்ந்த சொல்.

இதுவரை சொன்னதன் சாரம் இது. ஆங்கிலச் சொல் அடி வாங்கியது எது என்று கேட்கிறது. சீனச் சொல்லும் அதையே கேட்கிறது. ஆனால் 'சுன்ஹாய்' என்ற ஒரே சொல்லில் உடல்நலமும் உரிமையும் நற்பெயரும் சேர்ந்து இருக்கின்றன. ஆங்கிலத்தில் அவை ஒரே இடத்தில் இல்லை.

'சுன்ஷாங்' படுத்தும் பாடு

மேலே வேண்டுமென்றே ஒரு சொல்லை விட்டுவிட்டேன். 'சுன்'னும் 'ஷாங்'கும் சேர்ந்த 'சுன்ஷாங்'. சீன மருத்துவ, பொறியியல் கட்டுரைகளில் இது கால் வைக்காத இடமில்லை. சிறுநீரகத்துக்குச் சுன்ஷாங், மூளைக்குச் சுன்ஷாங், தண்டுவடத்துக்குச் சுன்ஷாங், டிஎன்ஏ-வுக்குச் சுன்ஷாங், காது கேட்கும் திறனுக்குச் சுன்ஷாங், பாலத்தின் தூணுக்கும் சுன்ஷாங். அத்தனையும் பிழையற்ற சீனம்.

ஆங்கிலத்துக்கு வரும்போது இந்தப் பாத்தி சிதறுகிறது. சிறுநீரகம் திடீரெனப் பழுதடைவதை 'அக்யூட் கிட்னி இஞ்சுரி' என்பார்கள். 2012-இல் கேடிகோ என்ற சர்வதேசச் சிறுநீரக அமைப்பு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள் இந்தப் பெயரையே தாங்கி நிற்கின்றன. தண்டுவடத்துக்கு 'ஸ்பைனல் கார்டு இஞ்சுரி'. ஆனால் டிஎன்ஏ-வுக்கு 'டேமேஜ்' மட்டுமே, 'டிஎன்ஏ இஞ்சுரி' என்று எழுதினால் துறைக்கு வெளியே இருந்து வந்தவர் என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும். பாலத்தின் தூணுக்கும் 'டேமேஜ்'. கேட்கும் திறனுக்கு 'லாஸ்' அல்லது 'இம்பேர்மென்ட்'.

எந்த அடிப்படையில் இப்படிப் பிரிகிறது? உயிருள்ள உடலும் உறுப்பும் அடிபட்டால் 'இஞ்சுரி'. மூலக்கூறு, கட்டுமானம், பொருள், சொத்து என்றால் 'டேமேஜ்'. உறுப்பு இருக்கிறது, அதன் வேலைத்திறன் குறைந்துவிட்டது என்றால் 'இம்பேர்மென்ட்'. இந்த மூன்றாவதுதான் அதிகம் தவறவிடப்படுகிறது.

கல்லீரலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மருந்து கல்லீரலைத் தாக்கினால் அது 'டிரக் இண்ட்யூஸ்டு லிவர் இஞ்சுரி'. அதே மருந்தின் விவரத்தாளில், ஏற்கெனவே கல்லீரல் சரியாக வேலை செய்யாத நோயாளிக்கு எவ்வளவு அளவு கொடுக்கலாம் என்று சொல்லும் பகுதியின் தலைப்பு 'ஹெபாட்டிக் இம்பேர்மென்ட்' என்று இருக்கும். முதலாவது, மருந்து செய்த வேலையைப் பேசுகிறது. இரண்டாவது, கல்லீரல் இன்று எவ்வளவு வேலை செய்கிறது என்பதைப் பேசுகிறது. ஒரே உறுப்பு, ஒரே தாள், இரண்டு வேறு கேள்விகள். சீனத்தில் முதலாவதற்கு 'சுன்ஷாங்'கும் இரண்டாவதற்குச் செயல்திறனோடு சேர்ந்த 'சுன்ஹாய்' என்ற சொல்லும் புழங்குகின்றன. சொல்லுக்குச் சொல் பெயர்க்கும்போது அது 'லிவர் ஃபங்ஷன் டேமேஜ்' ஆகிவிடுகிறது. செயல்திறன் கைக்கு அகப்படும் பொருளல்ல. ஆங்கிலத்தில் அது உடைவதில்லை, குறைகிறது.

விதி எல்லா இடத்திலும் கூர்மையாக நிற்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயிரணுவுக்கு 'செல் இஞ்சுரி', 'செல் டேமேஜ்' இரண்டும் வழக்கில் உள்ளன. 'பிரெய்ன் இஞ்சுரி', 'பிரெய்ன் டேமேஜ்' இரண்டும் சரி, ஆனால் ஒன்றல்ல. தலையில் அடிபட்ட நிகழ்வை முதலாவது முன்னிறுத்துகிறது. அதன் பின் நிலைத்துவிட்ட கெடுதலை இரண்டாவது சொல்கிறது. விபத்தில் 'பிரெய்ன் இஞ்சுரி' ஏற்பட்டு, 'பிரெய்ன் டேமேஜ்' இல்லாமல் தேறி வருபவர்கள் உண்டு.

தமிழர்களான நமக்கு இதில் மார்தட்ட இடமில்லை. நம்முடைய 'பாதிப்பு' என்ற சொல் 'சுன்ஷாங்'கைவிட அகலமானது. சிறுநீரகப் பாதிப்பு, பயிர்ப் பாதிப்பு, செவித்திறன் பாதிப்பு, மனப் பாதிப்பு என்று எதையும் அதற்குள் அடைத்துவிடலாம். சீன ஆசிரியரின் 'டேமேஜ்' தமிழ் எடிட்டரின் கண்ணில் படாமல் நழுவுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

ஓர் 'எஸ்' செய்யும் வேலை

சீனத்தில் பெயர்ச்சொற்கள் பொதுவாக ஒருமை, பன்மைக்கு ஏற்ப உருமாறுவதில்லை. பல காயங்கள் என்பதைப் 'பல' என்ற சொல்லே காட்டிவிடும். அதனால் ஆங்கிலத்தில் எழுதும்போது பலவற்றைப் பற்றிப் பேசுகிறோம் என்ற எச்சரிக்கையில் எல்லாவற்றுக்கும் 'எஸ்' சேர்த்துவிடுகிறார்கள். 'இஞ்சுரி'க்குச் சேர்க்கலாம், அதை எண்ண முடியும். விபத்தில் சிக்கியவருக்கு 'மல்டிபிள் இஞ்சுரிஸ்' இருக்கலாம். 'டேமேஜ்' தண்ணீரைப் போல அளக்கப்படுவதே தவிர எண்ணப்படுவதில்லை. பாலத்தில் பத்து இடங்களில் விரிசல் என்றாலும் 'டேமேஜ்' ஒருமைதான்.

'எஸ்' சேர்ந்த 'டேமேஜஸ்' என்று ஒரு சொல் உண்மையிலேயே இருக்கிறது, அதன் பொருள் வேறு. நீதிமன்றம் ஒருவருக்கு வழங்கச் சொல்லும் இழப்பீட்டுத் தொகை அது. நிலநடுக்கம் கட்டடங்களுக்கு 'சிவியர் டேமேஜஸ்' விளைவித்தது என்று எழுதினால், சட்டம் தெரிந்த வாசகர் நிலநடுக்கத்தை யார் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள் என்று ஒரு கணம் தயங்குவார்.

இந்த வேறுபாடு உலக அரசியலில் எவ்வளவு கனமானது என்பதற்குக் காலநிலைப் பேச்சுவார்த்தைகள் சாட்சி. புவி வெப்பமாதலால் ஏழை நாடுகள் படும் கேட்டைக் குறிக்க ஐ.நா. பேச்சுகளில் 'லாஸ் அண்டு டேமேஜ்' என்ற தொடர் நிலைபெற்றிருக்கிறது. 2013-இல் வார்சாவில் அதற்கென ஓர் அமைப்பு உருவானது. 2022-இல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நிதியம் அமைக்க ஒப்புக்கொண்டார்கள். திரும்பப் பெற முடியாமல் போனது 'லாஸ்', சீர்செய்யக் கூடியது 'டேமேஜ்' என்று பொதுவாக விளக்குவார்கள். 'டேமேஜ்' அங்கே ஒருமையில் நிற்பதைக் கவனியுங்கள். 'எஸ்' சேர்ந்தால் இழப்பீடு என்ற பொருள் எட்டிப் பார்க்கும். பணக்கார நாடுகள் அஞ்சுவது அதற்குத்தான். 2015 பாரிஸ் ஒப்பந்தத்தோடு ஏற்கப்பட்ட தீர்மானத்தின் 51-வது பத்தி, இது குறித்த ஒப்பந்தப் பிரிவு எந்தச் சட்டப் பொறுப்புக்கோ இழப்பீட்டுக்கோ அடிப்படை ஆகாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது.

சீனம் இந்த வேலையை இன்னொரு விதமாக முடிக்கிறது. கேடு 'சுன்ஹாய்', அதற்கான ஈடு 'சுன்ஹாய் பெய்ச்சாங்'. ஈடு என்ற சொல்லைப் பின்னால் ஒட்டிவிட்டால் போதும், ஐயத்துக்கு இடமில்லை. 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சீனக் குடிமைச் சட்டத் தொகுப்பின் 1183-வது பிரிவு, மனத்துக்கு நேர்ந்த 'சுன்ஹாய்'க்கு ஈடு கேட்க வழி செய்கிறது. இதை 'மென்டல் டேமேஜ்' என்று பெயர்த்தால் மூளை பழுதாகிவிட்டது என்ற தொனி வந்துவிடும். ஆங்கிலச் சட்ட நடையில் மன வேதனை என்று பொருள்படும் 'மென்டல் டிஸ்ட்ரெஸ்' பொருந்தும்.

சுருக்கமாக: 'இஞ்சுரி' எண்ணலாம், 'டேமேஜ்' எண்ண முடியாது, 'டேமேஜஸ்' என்றால் இழப்பீட்டுப் பணம்.

'ஹார்ம்' என்ற குடை

இவ்வளவையும் கேட்டபின், எல்லாவற்றுக்கும் மேலே விரிந்த ஒரு பொதுச் சொல் இல்லையா என்று தோன்றும். இருக்கிறது, 'ஹார்ம்'. தயாரிப்புகளின் பாதுகாப்புத் தரங்களை எழுதுவோருக்காக ஐஎஸ்ஓ, ஐஇசி என்ற இரண்டு சர்வதேசத் தர நிர்ணய அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட 51-ஆம் வழிகாட்டி இதை அழகாக வரையறுக்கிறது. மனிதர்களின் உடல்நலத்துக்கு நேரும் 'இஞ்சுரி' அல்லது 'டேமேஜ்', சொத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ நேரும் 'டேமேஜ்', இவையெல்லாம் சேர்ந்ததே 'ஹார்ம்'. அந்தக் கேட்டை உண்டாக்கக்கூடிய மூலம் 'ஹசார்டு'. அறுந்து தொங்கும் மின்கம்பி 'ஹசார்டு', அதைத் தொட்டவருக்கு நேர்வது 'ஹார்ம்'. 'வெய்ஹாய்' என்ற சீனச் சொல் இரண்டின் மேலும் படர்ந்து கிடப்பதால், கட்டுரைகளில் இவை இரண்டும் இடம் மாறிவிடுகின்றன.

இலக்கணச் சிக்கல் ஒன்றும் உண்டு. சீனாவில் விற்கும் சிகரெட் பெட்டியில் 'ஷீயென் யோஹாய் ஜியென்காங்' என்ற எச்சரிக்கை இருக்கும். புகைபிடித்தல், கேடுடையது, உடல்நலம் என்று மூன்று சொற்கள் வரிசையாக நிற்கின்றன. உடல்நலத்துக்கு என்று காட்ட நடுவில் எந்த உருபும் இல்லை, சீனத்துக்கு அது தேவையும் இல்லை. அதை அப்படியே எடுத்துப்போனால் 'ஹார்ம்ஃபுல் ஹெல்த்' கிடைக்கிறது. திருத்தப்பட்ட மாணவர் அடுத்த முறை வினைச்சொல்லுக்கும் 'டு' சேர்த்து 'ஹார்ம்ஸ் டு ஹெல்த்' என்று எழுதிவிடுகிறார். 'ஹார்ம்ஃபுல்' என்ற பெயரடைக்கு 'டு' வேண்டும், 'ஹார்ம்' என்ற வினைக்கு வேண்டாம். இதை ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லித்தர வேண்டும், பிரித்துச் சொன்னால் ஒன்று மற்றொன்றைக் கெடுக்கும்.

நீளமான சொல்தான் முறையான சொல்லா?

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860-இல் எழுதப்பட்டபோது உடலுக்கு வலியோ நோயோ நலிவோ உண்டாக்குவதற்கு அதை எழுதியவர்கள் தேர்ந்த சொல் 'ஹர்ட்'. 319-வது பிரிவு அதை வரையறுத்தது, 320-வது பிரிவு கொடுங்காயத்தை 'கிரீவஸ் ஹர்ட்' என்றது. 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதே சொல்லையே வைத்திருக்கிறது. மனிதருக்கு எதிரான குற்றங்கள் பற்றிய இங்கிலாந்தின் 1861-ஆம் ஆண்டுச் சட்டம் 'கிரீவஸ் பாடிலி ஹார்ம்' என்கிறது. 'ஹார்ம்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல், லத்தீன் மணமே இல்லாதது. இதைவிட முறையான எழுத்து எது?

அதே 1860 சட்டத்தின் 44-வது பிரிவு 'இஞ்சுரி'யை உடல், மனம், நற்பெயர், சொத்து ஆகிய எதற்கும் சட்டவிரோதமாக இழைக்கப்படும் தீங்கு என்று விரித்தது. உடலுக்கு மட்டுமே 'இஞ்சுரி' என்று மேலே சொன்னேனே என்று கேட்கலாம். மருத்துவத்திலும் செய்தியிலும் அப்படித்தான். சட்டம் தன் தேவைக்குத் தானே வரப்பு போட்டுக்கொள்கிறது. ஒரு சொல் முறையானதாவது அதன் நீளத்தால் அல்ல, அந்தத் துறை அதை வரையறுத்து வைத்திருப்பதால்.

பெயரடைகளிலும் இதே கதை. 'யோஹாய்' என்ற ஒரே சீனச் சொல் மரபணு மாற்றத்தோடு சேர்ந்தால் ஆங்கிலத்தில் 'டெலிட்டீரியஸ்', கடற்பாசிப் பெருக்கத்தோடு சேர்ந்தால் 'ஹார்ம்ஃபுல்'. மருந்தின் வேண்டாத விளைவுக்கு 'அட்வர்ஸ்'. துப்பாக்கிச் சூட்டிலும் போரிலும் காயம்பட்டவர் 'ஊண்டட்', ரயில் விபத்தில் காயம்பட்டவர் 'இஞ்சர்ட்'. சீனத்தில் இருவருமே 'ஷோஷாங்', தமிழில் இருவருமே காயமடைந்தவர்கள்.

திருத்தும்போது

ஆகவே அகராதியைவிட, அந்தத் துறையின் வழிகாட்டு நெறிமுறைகளின் தலைப்பும் முன்னணி ஆய்விதழ்களின் கட்டுரைத் தலைப்புகளும் நம்பகமான துணை. சிறுநீரகம் என்றால் 'இஞ்சுரி' என்று அங்கேயே தெரிந்துவிடும்.

தெரியாத இடத்தில் எடிட்டர் ஊகித்துத் திருத்தக்கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். 'கிட்னி டேமேஜ் உள்ள நோயாளிகள்' என்று ஒரு வரி வருகிறது. அடுத்த வரி மருந்தின் அளவைப் பேசுகிறது. மருந்து சிறுநீரகத்தைத் தாக்கியது என்று ஆசிரியர் சொல்ல வந்தாரா, ஏற்கெனவே சிறுநீரகம் குறைவாக வேலை செய்கிறவர்களைச் சொல்ல வந்தாரா? முதலாவது 'இஞ்சுரி', இரண்டாவது 'இம்பேர்மென்ட்'. தவறான பக்கம் திருத்தினால் இலக்கணம் சுத்தமாக இருக்கும், மருத்துவம் தவறிவிடும். அங்கே ஆத்தர் குவெரி, அதாவது ஆசிரியருக்கான கேள்வி, எழுத வேண்டும். திசு பழுதானதா, செயல்திறன் குறைந்ததா, இது மருந்துக்கு முன்பா பின்பா என்று நேராகக் கேட்டால் சீன ஆசிரியருக்கு உடனே புரியும், அவருடைய மொழியிலும் அந்த வரப்பு எங்கோ இருக்கிறது.